மாமியும் மருமகனும் மஞ்சள் மணலும்

என் கணவர் கொழும்பு உத்தியோகத்தை விட்டுவிட்டு நயினாதீவுக்கு வந்து சேர்ந்தபோது ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு சாக்கு மணலும் கொண்டுவந்தார். நாலு பக்கமும் மணல் கிடக்கிற தீவுக்கு மணல். கொல்லன் தெருவில் ஊசி விற்க வந்தவரைப் பார்ப்பதுபோல லாஞ்சுப் படகில் இருந்த சனம் அவரைப் பார்த்ததாம். கூலிக்குச் சாக்கைத் தோளில் சுமந்து வந்த ஆள் எங்கள் படலையடியில் இறக்கி வைத்துவிட்டு, சீமெந்தோ என்று என்னைக் கேட்டார். மணல் என்றேன். அந்த மனிதர் என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டார்.

ஐம்பத்தாறாம் ஆண்டுத் தனிச் சிங்களச் சட்டத்துக்குப் பிறகு, அரசாங்க வேலையில் இருக்கிறவர்கள் சிங்களச் சோதனை எழுதிச் சித்தியடைய வேண்டும் என்று வந்தது. இவருக்குச் சிங்களம் தெரியாது என்றில்லை. மீன் கடையில் விலை கேட்க, பஸ்ஸில் சண்டை பிடிக்க, கூட வேலை செய்தவர்களின் கல்யாண வீட்டில் பகிடி விட, எல்லாவற்றுக்கும் தெரியும். சோதனை எழுத மட்டும் மாட்டேன் என்றார். கனிப்பொருள் ஆய்வுகூடத்தில் மணலைப் பிரிக்கிறவனுக்கு அந்தச் சோதனை எதற்கு, மணல் எந்தப் பாஷையில் பிரிகிறது என்பது அவருடைய கேள்வி. நல்ல கேள்விதான். நல்ல கேள்வி கேட்டவர்கள் எல்லோரும் விலகிப் போகலாம் என்றார்கள். விலகினார். நான் கெஞ்சவில்லை, நன்றாக ஏசினேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சாக்கு மணலை நனையாத இடத்தில் வைத்தார்.

வீடு என் சீதன வீடு. அப்பா இல்லை. அம்மாவும் நானும் இருந்தோம். நான் தீவுப் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். கல்யாணமாகிச் சில வருடங்கள் அவர் லீவுக்கு வந்துபோகிற ஆளாகவே இருந்ததால், எங்கள் வீட்டு ஒழுங்கு ஒன்று அவருக்குச் சரியாகத் தெரியாமல் இருந்தது. எங்கள் பக்கத்தில் மாமியார் மருமகனோடு நேருக்கு நேர் கதைப்பதில்லை. முன்னால் நிற்பதும் இல்லை. அம்மாவுக்கு அவரோடு கதைக்க ஏதும் இருந்தால் என்னிடம் சொல்லுவார், நான் இரண்டடி தள்ளி நிற்கிற அவரிடம் திருப்பிச் சொல்லுவேன். அவர் மறுமொழியை என்னிடம் சொல்லுவார். அம்மாவுக்கு அது ஏற்கெனவே கேட்டிருக்கும். ஆனாலும் நான் சொல்லி முடிக்கும்வரை அம்மாவின் முகம் கேளாத முகமாக இருக்கும்.

நான் பள்ளிக்கூடம் போன நேரங்களில் அம்மா ஆட்டுக்குச் சொல்லுவார். எங்கள் வீட்டில் ஒரு வெள்ளாடு நின்றது. "சோறு ஆறுது, ஆரும் சாப்பிட வாறதெண்டால் வரலாம்" என்று ஆட்டைப் பார்த்துச் சொல்லுவார். இவர் கை கழுவிக்கொண்டு வருவார். கொழும்பில் இத்தனை வருடம் ஆய்வுகூடத்தில் இருந்த மனிதர், ஆட்டுக்குச் சொல்வதைக் கேட்டுச் சாப்பிடப் பழகிக்கொண்டார். அதில் அவருக்கு ஒரு வருத்தமும் இருந்ததாகத் தெரியவில்லை. கொழும்பில் மேலதிகாரிகள் சொன்னதைவிட இது விளங்கக்கூடியதாக இருக்கிறது என்று ஒருநாள் சொன்னார்.

அந்தச் சாக்கு மணலின் கதை இதுதான். கிழக்குக் கரையில் ஒரு மணல் ஆலை இருந்தது. அவர்கள் கடற்கரை மணலில் உள்ள கறுப்பு மணியைக் காந்தம் வைத்து இழுத்துக்கொண்டு மிச்சத்தைக் கொட்டிவிடுவார்கள். கொட்டுகிற மிச்சத்தில் தேன் நிறத்தில், மஞ்சளாக, சின்னச் சின்ன மணிகள் இருக்கும். அந்த மணிக்குள்ளேதான் அருமண் மூலகங்கள் இருக்கின்றன என்பார் இவர். கோயில் திருவிழாவுக்குப் பிடிக்கிற பெற்றோமக்ஸ் விளக்கின் மென்டில் ஏன் அப்படி வெள்ளையாக எரிகிறது, சுருட்டுப் பற்றவைக்கிற லைற்றரில் ஏன் பொறி பறக்கிறது, எல்லாம் இந்த மஞ்சள் மணியில் இருந்து எடுக்கிற சாமான்தான். குப்பை என்று கொட்டுவது குப்பை இல்லை. அதைப் பிரித்தெடுக்க ஒரு வழி இருக்கிறது, மிதக்க விடுவது. இதைக் கொழும்பில் அவர் சொன்னபோது முதலில் சிங்களச் சோதனையை எழுதும் என்றார்களாம்.

மிதக்க விடுவது என்றால் எப்படி என்று நான்தான் கேட்டேன், அம்மா குசினிக் கதவுக்குப் பின்னால் நின்றார். அவர் விளங்கப்படுத்தினார். மணலைத் தண்ணீரில் போட்டுக் கொஞ்சம் சவர்க்காரக் கரைசல் விடவேண்டும். சவர்க்காரம் வெள்ளை மணியைப் பெரிதாகச் சட்டை செய்யாது, மஞ்சள் மணியைப் பிடித்து மூடிக்கொள்ளும். மூடப்பட்ட மணிக்குத் தண்ணீர் பிடிக்காது. அடியில் இருந்து காற்றை ஊதினால் அது காற்றுக் குமிழியில் ஒட்டிக்கொண்டு நுரையோடு மேலே வரும். நுரையை வழித்தெடுத்தால் மஞ்சள் மணி கையில், வெள்ளை மணி அடியில்.

"பாரமானது தாழும். அரிசி அரிச்ச ஆருக்கும் தெரியும்" என்றார் அம்மா, ஆட்டிடம்.

மஞ்சள் மணிதான் பாரம் கூடியது என்று இவர் என்னிடம் சொன்னார். பாரமானது மிதக்கும், பாரம் குறைந்தது தாழும். நான் அதை அம்மாவுக்குத் திருப்பிச் சொல்லவில்லை. ஏற்கெனவே அவருக்கு மருமகனைப் பற்றி இருந்த கவலை போதும்.

வேலை எங்கள் வேப்பமரத்தடியில் தொடங்கியது. இனிப்புக் கடையில் வைக்கிற பெரிய கண்ணாடிப் போத்தல் ஒன்று, காற்றடிக்கச் சைக்கிள் பம் ஒன்று, பம்மில் இருந்து போத்தலின் அடிக்குப் போக ஒரு ரப்பர் குழாய், நுரையை வழிக்க ஒரு சிரட்டை. சவர்க்காரத்தை அவரே காய்ச்சினார். முதலில் நல்லெண்ணெயில் காய்ச்சப் போனார். அம்மா ஆட்டுக்குச் சொன்னதில் அந்த யோசனை நின்றுபோனது. பிறகு வேப்பெண்ணெயில் காய்ச்சினார். அந்த மணத்தில் ஊரே மூக்கைப் பொத்தியது. கசிப்புச் சாராயம் காய்ச்சுவதாக ஆரோ சொல்லி ஊர் விதானையார் வந்து பார்த்தார். சட்டியை மணந்து பார்த்துவிட்டு, இதை ஒருத்தரும் குடிக்கமாட்டார்கள் என்று சொல்லி நிம்மதியாகப் போனார்.

காற்றடிப்பது என் வேலை. சைக்கிள் வைத்திருந்த வீடுகளில் பெண் ஒருத்தி சைக்கிளில் ஏறாமல் பம்மை மட்டும் அடித்துக்கொண்டிருந்த வீடு அந்தத் தீவில் எங்கள் வீடு ஒன்றுதான்.

எங்கள் கிணற்றுத் தண்ணீரில் அது சரிவராது என்பது அவருக்குத் தொடங்க முதலே தெரியும். தீவில் ஆருக்குத்தான் தெரியாது? எங்கள் கிணற்றில் சவர்க்காரம் போட்டால் நுரைக்காது, தயிர் திரைந்தமாதிரி வெள்ளையாகத் திரைந்து மிதக்கும். தண்ணீரில் உள்ள சுண்ணாம்பும் உவரும் சவர்க்காரத்தைத் தின்றுவிடும். மணிக்கு உடுத்திவிட ஒன்றும் மிஞ்சாது. ஆனாலும் ஒருமுறை செய்து பார்த்தார். மணலும் மிதக்கவில்லை, எங்கள் போத்தலும் கழுவ ஏலாமல் போனது. மழைத்தண்ணீர் வேண்டும் என்றார்.

இங்கே தண்ணீரைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் வீட்டுக் கிணறு உவர். குடிக்கிற தண்ணீர் தூரத்தில் உள்ள நல்ல தண்ணிக் கிணற்றில் இருந்து வரவேண்டும். விடியப் போய் நான் இரண்டு குடம் கொண்டுவருவேன். கோடையில் அதுவும் ஊறி ஊறித்தான் வரும். அதனால் கலப்போம். ஒரு செம்பு நல்ல தண்ணீரோடு ஒரு செம்பு வீட்டுத் தண்ணீர். எங்கள் ஊரில் கலப்பது தண்ணீரைக் கெடுப்பது இல்லை, நீட்டுவது. கலக்கத் தெரியாத பெண் குடும்பம் நடத்த மாட்டாள் என்று சொல்லுவார்கள். குடம் குறைந்திருக்க விடுவதும் இல்லை. எடுத்தால் எடுத்த அளவுக்கு வீட்டுத் தண்ணீர் ஊற்றி நிரப்பிவிட வேண்டும், குறைகுடம் வீட்டுக்குக் கூடாது. வீட்டு ஆட்களுக்கு இந்தக் கலந்த தண்ணீர். விருந்தாளிக்கு மட்டும் கலக்காத தண்ணீர். அதிலும் தரம் இருந்தது. பள்ளிக்கூட இன்ஸ்பெக்டருக்குக் கலக்காதது, அவரோடு வந்த கிளாக்கருக்குப் பாதிக்குப் பாதி. கிளாக்கருக்கும் அது நாக்கில் தெரியும். தெரிந்தும் ஒன்றும் சொல்லமாட்டார்.

அந்த வருட மாரியில் முதல் மழை கூரை ஓடுகளைக் கழுவிவிட்டுப் போன பிறகு, என் சீதனத்தோடு வந்த பெரிய சாடியைக் கூரைத் தண்ணீர் விழுகிற பீலிக்குக் கீழே வைத்து நிரப்பினோம். அதில் அள்ளி வைத்துச் செய்து பார்த்தார். நான் பம் அடித்தேன். போத்தலுக்குள் முதலில் வெறும் வெள்ளை நுரைதான் எழும்பியது. பிறகு நுரையின் விளிம்பு மெல்ல மெல்ல மஞ்சளாகியது. மேலே வந்த குமிழி ஒவ்வொன்றின் முதுகிலும் மஞ்சள் மணி ஒட்டியிருந்தது. எனக்குக் கை வலித்தது, நான் நிறுத்தவில்லை. சிரட்டையால் வழித்து வெள்ளைத் துணியில் பரப்பினார். அடியில் கிடந்தது வெள்ளை மணல். அவர் சிரித்தார். கொழும்பால் வந்த பிறகு அவர் அப்படிச் சிரித்ததை நான் அன்றைக்குத்தான் கண்டேன். எனக்கு அழுகை வந்தது, வேப்பெண்ணெய் மணம் கண்ணை எரிக்கிறது என்று சொன்னேன்.

அவர் உள்ளே போன பிறகு அம்மா வந்து துணியைப் பார்த்தார். விரலால் தொட்டுப் பார்த்தார். "ம்" என்றார். அம்மாவிடம் இருந்து அது பெரிய சொல்.

சாடியின் வாயைத் துணியால் கட்டி இவர் விறாந்தை மூலையில் வைத்தார். கோடை முழுக்க அது அங்கே நின்றது. கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து எடுத்து, சவர்க்காரம் எவ்வளவு, சோடா எவ்வளவு என்று பார்த்துப் பார்த்துச் சரிசெய்தார். கடைசியில் கையை வைத்தால் பிழை வராத அளவுக்கு வந்தது. அப்போது சாடியில் அரைவாசிக்கு மேல் தண்ணீர் மிச்சம் இருந்தது.

ஆவணியில் செய்தி வந்தது. கொழும்பில் இவரோடு ஒரே மேசையில் வேலை செய்த சிங்கள நண்பர் ஒருவர் இப்போது அந்த மணல் ஆலையில் பெரிய எஞ்சினியர். குடும்பத்தோடு நயினாதீவு விகாரைக்குக் கும்பிட வருகிறாராம். அப்படியே வீட்டுக்கு வந்து இந்த மிதக்கிற மணலைப் பார்க்கிறாராம். கண்ணால் பார்த்துச் சரியென்றால், ஆலைக்கு இவரை எடுக்கத் தன்னால் சொல்ல முடியும். அது கொம்பனி உத்தியோகம், சோதனை கேட்கமாட்டார்கள். பின்னேர லாஞ்சுக்குத் திரும்பிவிடுவாராம்.

எனக்கு அந்த வேலை வேண்டும். அவருக்கு எவ்வளவு வேண்டுமோ அதைவிடக் கூட எனக்கு வேண்டும். சம்பளத்துக்காக என்று ஆரும் நினைக்கட்டும். ஊர்ப் பிள்ளைகளுக்கு அவர் வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கும்போது கை தன்பாட்டில் மேசையில் கிடக்கிற எதையாவது சல்லடையில் அரிக்கிறமாதிரி ஆட்டிக்கொண்டிருக்கும். அதைப் பார்க்க எனக்கு ஏலாமல் இருந்தது. அவ்வளவுதான்.

சாடித் தண்ணீரைத் தொடவேண்டாம் என்று அவர் என்னிடம் சொன்னார், நான் அம்மாவிடம் சொன்னேன். எஞ்சினியரின் தேத்தண்ணிக்கென்று, அவர்கள் வந்த அன்று விடிய நான் வழமையான இரண்டு குடத்தையும் கலக்காமல் வைத்தேன். ஒரு மனிதர், கூட மனைவி, இரண்டு பிள்ளைகள் என்று கணக்கு. தாராளம்.

சோளகக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. விகாரையடிக்கு அவர்களை அழைத்துவர நான் போனேன். எஞ்சினியரின் குடும்பம் என்றால் எஞ்சினியர், மனைவி, பிள்ளைகள், மனைவியின் தங்கைமார், அவர்களின் கணவன்மார், பிள்ளைகள், எல்லோருக்கும் கடைசியாக வெள்ளைச் சேலை உடுத்த எஞ்சினியரின் தாயார். ஒரு வான் வண்டி நிறையச் சனம். கடலில் ஆடி ஆடி வந்து, வெயிலில் நின்று கும்பிட்டு, எல்லோருக்கும் தொண்டை வறண்டிருந்தது. இளசுகள் வழி கேட்டுக்கொண்டு முன்னே ஓட, எஞ்சினியரும் மற்றவர்களும் அவர்கள் பின்னால் போய்விட்டார்கள். தாயாருக்கு நடக்க ஏலவில்லை. நான் அவரைக் கையில் பிடித்து, நிழல் கண்ட இடமெல்லாம் நிறுத்தி நிறுத்திக் கூட்டி வந்தேன். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சிங்களம் தெரியாது. வழி முழுக்க ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டு வந்தோம்.

இந்த நேரத்தில் வீட்டில் என்ன நடந்தது என்பதைப் பிறகு அம்மா சொல்லித்தான் அறிந்தேன். வந்தவர்கள் தண்ணீர் கேட்டார்கள். அம்மா கொடுத்தார். திரும்பக் கேட்டார்கள், கொடுத்தார். இரண்டு குடமும் முடிந்தது. இன்னும் தேத்தண்ணி போடவில்லை, எஞ்சினியர் கதிரையில் இருக்கிறார். ஆலையில் இருந்து வந்த பெரிய மனிதருக்கு உவர்த் தேத்தண்ணி கொடுப்பதா? அம்மாவுக்கு அதைவிட நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம். மருமகன் வேப்பமரத்தடியில் போத்தலோடு நிற்கிறார். அவரைக் கேட்க வேண்டும். நேரே கேட்கக் கூடாது. நான் இல்லை. ஆடாவது நின்றிருந்தால் அதனிடம் சொல்லியிருப்பார், அவருக்குக் கேட்டிருக்கும். ஆட்டை அன்றைக்குச் சனத்தை முட்டும் என்று பின்வளவில் கட்டியிருந்தோம்.

விறாந்தைச் சாடியில் தேத்தண்ணிக் கேத்தில் ஒன்றுக்கு மட்டும் தண்ணீர் அள்ளினார். அள்ளிய இடம் குறைந்து தெரிந்தது. ஏற்கெனவே அரைவாசிதானே நின்றது. பெரிய மனிதர் வந்திருக்கிற நாளில், அவர் கண்ணுக்கு முன்னால், மருமகனின் சாடி குறைசாடியாக நிற்கலாமா? வீட்டுக் கிணற்றில் அள்ளி ஊற்றிக் கழுத்துவரை நிரப்பிவிட்டு, துணியைப் பழையபடி கட்டினார். அம்மாவைப் பொறுத்தவரை அவர் அந்தச் சாடிக்கு நன்மை செய்திருந்தார்.

நான் தாயாரைக் கொண்டுவந்து சாய்மனைக் கதிரையில் கிடத்தியபோது எல்லோரும் வேப்பமரத்தடியில் கூடி நின்றார்கள். இவர் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். எஞ்சினியரும் இவரும் ஆங்கிலத்தில் கதைத்தார்கள். போத்தலில் மணல் போட்டு, கதைத்துக்கொண்டே சாடி நிரம்பி நிற்பதைக் கவனிக்காமல் அதில் அள்ளி ஊற்றி, சவர்க்காரம் விட்டு, என்னைப் பார்த்தார். நான் பம் அடித்தேன்.

திரைந்தது.

நுரை ஒன்றும் வரவில்லை. வெள்ளை வெள்ளையாகத் தயிர்க் கட்டி மேலே மிதந்தது. மணல் முழுவதும் அடியில் அப்படியே கிடந்தது. இவர் இன்னும் கொஞ்சம் சவர்க்காரம் விட்டார். இன்னும் திரைந்தது. பிள்ளைகளில் ஒன்று என்னவோ சொல்ல மற்றதுகள் சிரித்தன. போத்தலைக் கவிழ்த்துக் கழுவி முதலில் இருந்து செய்தார். அதே தயிர். பிறகு சாடிக்குள் விரலை விட்டு நாக்கில் வைத்தார். வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

நான் குசினிக்குள் போனேன். அம்மா தட்டத்தில் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். சாடித் தண்ணீரை என்ன செய்தாய் என்று கேட்டேன். ஒரு கேத்தில்தான் எடுத்தனான், எடுத்ததை ஊத்தி நிரப்பிப் போட்டன் என்றார். வெறுமனே எடுத்திருந்தால் கூட மிச்சம் போதுமாக இருந்திருக்கும். எனக்கு வந்த கோபத்தில் கோப்பையைத் தூக்கி அடித்திருப்பேன், வெளியே சனம். "அம்மா, அது அவரின்ரை வேலை" என்று மட்டும் சொன்னேன்.  அம்மா என் முகத்தைப் பார்த்தார். பிறகு பலகையில் இருந்துவிட்டார். தேத்தண்ணி ஊற்றியது போகக் கேத்திலில் கொஞ்சத் தண்ணீர் மிச்சம் இருந்தது. சுத்தமான மழைத்தண்ணீர், கொதித்து ஆறியது. கண்ணாடிப் போத்தலில் ஒருமுறை செய்து காட்ட அது காணும், குறைவு வராது. பக்கத்து வீட்டுக்கு ஓடிக் கேட்டேன், அவர்களிடமும் கலந்ததுதான். எங்கள் வளவில் இளநீர் பிடுங்கத் தென்னையும் இல்லை, எல்லாம் பனை. தீவில் எங்களுக்கு எட்டக்கூடியதாக இருந்த நல்ல தண்ணீர் அந்தக் கேத்திலுக்குள் இருந்ததுதான்.

திரும்பி வந்தபோது அம்மா குசினியில் இல்லை.

அம்மா கேத்திலைத் தூக்கிக்கொண்டு வெளியே போயிருந்தார். கதவைத் தாண்டி, விறாந்தையைத் தாண்டி, அத்தனை ஆம்பிளைகளும் நிற்கிற வேப்பமரத்தடிக்கு. மருமகனுக்கு நேர் முன்னால் போய் நின்றார். எத்தனையோ வருடம் அந்த வீட்டில் நடக்காத ஒன்றை அன்றைக்கு நான் பார்த்தேன்.

"தம்பி" என்றார். "இதுக்குள்ளை நல்ல தண்ணி கிடக்கு. நான்தான் மற்றதைக் கலந்துபோட்டன். இதை எடுங்கோ."

இவர் கை நீட்டினார். கேத்திலைத் தொட்டும் விட்டார். அப்போது சாய்மனைக் கதிரையில் கிடந்த தாயார் என்னவோ முனகினார். கொஞ்சம் முந்தி ஆரோ ஒரு பிள்ளை அவருக்குச் சாடித் தண்ணீரை ஒரு கோப்பை கொடுத்திருக்கிறது. குடித்து ஓங்காளித்து அதைத் துப்பிவிட்டார். முகம் வெளிறிக் கிடந்தார். அவருடைய சனம் முழுக்கப் போத்தலைச் சுற்றி நின்றது, ஒருவருக்கும் கேட்கவில்லை. எங்களுக்குக் கேட்டது, விளங்கவில்லை. விளங்கியது இவருக்குத்தான். சோதனை எழுதமாட்டேன் என்ற அந்தப் பாஷையில் அந்த மனுசி தண்ணீர் கேட்டார்.

இவர் கேத்திலில் இருந்து கையை எடுத்தார்.

"மாமி" என்றார். "அதை அந்த அம்மாவுக்குக் குடுங்கோ."

அம்மா போய்க் குந்தி இருந்து கோப்பையில் ஊற்றிக் கொடுத்தார். அவர் குடித்தார். திரும்ப ஊற்றினார். குடித்தார். மூன்றாம் முறை கேத்திலைக் கவிழ்த்து ஊற்ற வேண்டியிருந்தது. நான் சைக்கிள் பம்மைக் கையில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த மனுசி இன்னும் ஒரு மிடறு குறைவாகக் குடிக்கக் கூடாதா என்று நான் நினைத்தேன். நினைத்ததுதான், அதை ஏன் மறைக்க வேண்டும்.

இன்றைக்குத் தண்ணீர் சரியில்லை என்று இவர் எஞ்சினியரிடம் சொன்னார். யாரால் என்று சொல்லவில்லை. எஞ்சினியர் நல்ல மனிதர். இவருடைய தோளில் கை போட்டுக்கொண்டு சொன்னதை இவர் பிறகு எனக்குச் சொன்னார். ஆலை கடற்கரையில் இருக்கிறது, மழை பார்த்துக்கொண்டு இருக்க ஆலையால் முடியாது, எந்தத் தண்ணீரிலும் மிதக்கிற வழி ஒன்று கிடைத்தால் எழுது என்றாராம். லாஞ்சு ஊதியது. எல்லோரும் தேத்தண்ணியைப் பாராட்டிவிட்டுப் போனார்கள். தாயார் போகும்போது அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துச் சிங்களத்தில் என்னவோ சொன்னார். அம்மா ஓம் ஓம் என்றார்.

அன்றைக்கு எங்கள் வீட்டில் இரண்டு வேலை போனது. ஒன்று இவருக்குக் கிடைக்க இருந்தது. மற்றது எனக்கு இருந்தது. அடுத்தநாள் காலையில் அம்மா குசினி வாசலில் வந்து நின்று, "தம்பி, இடியப்பத்துக்குச் சொதி காணுமோ?" என்று கேட்டார். இவர் காணும் மாமி என்றார். நான் இருவருக்கும் நடுவில் வாயைத் திறந்தபடி நின்றேன். என்னையும் ஆட்டையும் அதற்குப் பிறகு ஒருவரும் கணக்கெடுக்கவில்லை.

எனக்குக் கோபம் போகக் கனகாலம் எடுத்தது. அம்மாவோடு கோபம், ஊற்றி நிரப்பினதுக்கு. இவரோடு கோபம், கையை எடுத்ததுக்கு. போத்தலில் ஒருமுறை மிதக்க விட்டுக் காட்டிவிட்டு அந்த மனுசிக்குத் தண்ணீர் தேடியிருக்கலாமே என்று ஒருநாள் கேட்டேன். தேடியிருக்கலாம் என்றார்.  பிறகு ஊர்காவற்றுறைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கப் போனார். நல்ல வாத்தியார் என்று பெயர் எடுத்தார். வருடா வருடம் வன்னீர், மென்னீர் என்ற பாடம் வரும். அதை மட்டும் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு படிப்பிப்பார் என்று அவரிடம் படித்த பெடியன் ஒருவன் எனக்குச் சொன்னான்.

எந்தத் தண்ணீரிலும் மிதக்கிற வழியை அவர் தேடாமல் விடவில்லை. சோடாவைக் கூட்டினார், எண்ணெயை மாற்றினார். உவர்த் தண்ணீரில் நுரை கொஞ்சம் வந்த நாளும் உண்டு. எழுதுகிற அளவுக்கு வரவில்லை.

எஞ்சினியர் வந்துபோன அந்த வருட ஐப்பசியில் முதல் மழை ஓட்டைக் கழுவி ஓய்ந்த உடனே, நான் எழும்ப முதல் அம்மா எழும்பிப் பெரிய சாடியைத் தேய்த்துக் கழுவிப் பீலிக்குக் கீழே வைத்தார். நிரம்பியதும் வாயைத் துணியால் கட்டி விறாந்தை மூலையில் வைத்தார். "தம்பியின்ரை தண்ணி. ஒருத்தரும் தொடக் கூடாது" என்றார். தொடுவதற்கு அந்த வீட்டில் அவரை விட்டால் நான்தான் இருந்தேன். அடுத்த வருடமும் வைத்தார். அதற்கடுத்த வருடமும். புது மழை வரும்போது பழையதைச் செவ்வரத்தைச் செடிக்கு ஊற்றிவிட்டுப் புதியதைப் பிடிப்பார். கோடையில் நல்ல தண்ணிக் கிணறு வற்றி ஊரே சண்டை பிடித்த காலத்திலும் அந்தச் சாடியைத் திறக்கவில்லை. கலந்த தண்ணீரைக் குடித்துக்கொண்டு அதைக் காவல் காத்தார். இனி ஒரு எஞ்சினியரும் வரமாட்டார் என்று அவருக்கு ஆரும் சொல்லவில்லை. இவரும் சொல்லவில்லை. சொல்லும் என்று நான் இவரிடம் சொன்னபோது, கிடக்கட்டும் என்றார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அம்மா படுக்கையில் விழுந்தார். அது ஒரு கொடுங் கோடை. சாப்பாடு இறங்கவில்லை, தண்ணீரும் உள்ளே போகப் போக எரிகிறது என்றார். எங்கள் கலந்த தண்ணீர் அவருடைய தொண்டைக்கு ஒத்துவரவில்லை. ஒருநாள் பின்னேரம் இவர் பள்ளிக்கூடத்தால் வந்து சைக்கிளை விட்டுவிட்டு, நேரே விறாந்தை மூலைக்குப் போய்ச் சாடியின் துணியை அவிழ்த்தார். ஒரு கோப்பை அள்ளிக்கொண்டு போய் அம்மாவின் தலையைத் தூக்கிப் பிடித்து வாயில் வைத்தார்.

ஒரு மிடறு குடித்ததும் அம்மாவுக்கு நாக்கில் தெரிந்துவிட்டது. கோப்பையைக் கையால் தடுத்தார்.

"தம்பி, இது உங்கடை மணலுக்கெல்லோ வைச்சது."

"மணல் பொறுக்கும், மாமி. நீங்கள் குடியுங்கோ."

அம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு கோப்பையை முடித்தார். நான் கதவு நிலையில் சாய்ந்து நின்று அழுதேன். இந்தமுறை வேப்பெண்ணெயைச் சாட்ட ஏலாது.

கொஞ்ச நேரம் கழித்து அம்மா கண்ணைத் திறந்தார். மழைத்தண்ணி சப்பெண்டு கிடக்குது தம்பி, அடுத்த கோப்பைக்கு எங்கடை கிணத்துத் தண்ணியும் கொஞ்சம் கலந்து தாங்கோ என்றார்.

இவர் துலாவைப் பிடித்துக் கிணற்றில் ஒரு வாளி அள்ளினார். ஆய்வுகூடத்தில் ஊற்றுகிறமாதிரிக் கோப்பையைக் கண்ணுக்கு நேரே உயர்த்திப் பிடித்துக்கொண்டு, பாதிக்குப் பாதி கலந்தார்.